மிஸ்ஸிங்: முதலில் எந்த சிலிண்டர், பிறகு ஏன்

நன்றாக இருக்கும் உதிரிபாகங்கள் காரிலிருந்து அதிகம் கழற்றி வீசப்படுவது மிஸ்ஸிங் புகாரில்தான். வண்டி மிஸ் ஆகிறது என்று சொன்னதும் பிளக் மொத்தமும் மாறும். சரியாகாவிட்டால் காயில். அதற்கும் மசியாவிட்டால் இன்ஜெக்டர் கிளீனிங், திராட்டில் பாடி கிளீனிங், பெட்ரோல் பம்ப் என்று பட்டியல் நீளும். எல்லாம் முடிந்தபின், "இசியு போயிருக்கும் சார்" என்பார்கள். இதில் பேராசை கொஞ்சம் இருக்கலாம், பெரும்பாலும் அவசரம்தான். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்காமலே, ஏன் வேலை செய்யவில்லை என்பதற்குப் போய்விடுகிறார்கள்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது நம் சாலைகளில் அதிகம் ஓடும் வகை: நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில். 2024-க்கு முன் வந்த மாருதி ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் கே சீரிஸ் இன்ஜின் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். மூன்று சிலிண்டர் வண்டிக்கும் முறை இதுவேதான், எண்ணிக்கையில் ஒன்று குறையும். டீசலுக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அங்கே கதை இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் சுற்றி நடக்கும். அதை இந்த அத்தியாயம் தொடவில்லை.

மிஸ் ஆகும்போது உள்ளே நடப்பது

ஐடிலிங்கில் இன்ஜின் நிமிடத்துக்கு சுமார் 750 சுற்று சுற்றுகிறது. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். அப்படியானால் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 375 முறை, விநாடிக்கு ஆறு முறைக்குச் சற்று மேல். அது வெடிக்க மறுத்தால் விநாடிக்கு ஆறு தடவை ஒரு பள்ளம் விழுகிறது. நீங்கள் ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் உணரும் உதறல் அதுதான். சைலன்சர் முனையில் காது கொடுத்தால் ஒரே சீரான சத்தத்துக்கு நடுவே "புட்... புட்..." என்று இடைவெளி விட்டு ஒரு தட்டல் கேட்கும். உள்ளே உதறல் இருந்தும் சைலன்சர் சத்தம் சீராக இருந்தால், அது மிஸ்ஸிங்காக இல்லாமல் இன்ஜின் மவுண்டிங் தேய்ந்ததாக இருக்கலாம். ஏசி போட்டால் மட்டும், கியர் போட்டு நின்றால் மட்டும் அதிர்கிறது என்பவர்களில் பலருக்கு மவுண்டிங்தான் பிரச்சினை. இதைப் பிரித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பார்க்காமல் விட்டால் பிளக்குக்கும் காயிலுக்கும் காசு போகும்.

வெடிப்பு நடக்க மூன்று தேவை: சரியான நேரத்தில் வலுவான பொறி, சரியான அளவில் காற்றும் பெட்ரோலும், அந்தக் கலவையை நெருக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன். எல்லாக் காரணங்களும் இந்த மூன்றுக்குள் அடங்கும். பொறியைப் பார்ப்பது எளிது, கம்ப்ரஷனை அளப்பது சிரமம். அதனால் தேடலும் அதே வரிசையில் போகும்.

எப்போது மிஸ் ஆகிறது?

பானெட்டைத் திறக்கும் முன் ஓட்டியவரிடம் கேளுங்கள். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கேட்பதே, "எப்ப சார் மிஸ் ஆகுது? காலையில எடுக்கும்போதா, சூடானதுக்கு அப்புறமா?" என்றுதான். கேட்காமல் ஸ்பேனரை எடுப்பவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் சிறிது நேரம் உதறி, சூடானதும் சரியாகிவிடுகிறது என்றால் தேய்ந்த பிளக், இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகக் கசிந்த இன்ஜெக்டர், அல்லது ஹெட் கேஸ்கெட் வழியாக சிலிண்டருக்குள் இறங்கிய கூலன்ட். கடைசியானதென்றால் கூலன்ட் டேங்கின் மட்டமும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும். இதற்கு நேர்மாறாக, அரை மணி நேரம் நன்றாக ஓடி, சூடேறியபின் மிஸ் ஆகி, ஆறவிட்டால் மறுபடி நன்றாகிவிட்டால் சந்தேகம் காயில்மேல். சூட்டில் உள்ளிருக்கும் செப்புச் சுற்றின் காப்புறை விரிந்து, விரிசல் வழியே கரன்ட் வேறு பாதை தேடிக்கொள்கிறது. ஆறியபின் மீட்டர் வைத்து அளந்தால் எல்லாம் சரி என்றே காட்டும். மீட்டரை மட்டும் நம்பி காயிலுக்கு நற்சான்று கொடுத்துவிடக் கூடாது என்பது இதனால்தான்.

மேம்பாலம் ஏறும்போதும், நான்காவது கியரில் குறைந்த வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் மட்டும் குலுங்கினால் பொறி பலவீனம். லோடு ஏறினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். ஐடிலிங்கில் சமாளித்த காயில் அங்கே கைவிரிக்கிறது. ஐடிலிங்கில் மட்டும் உதறி, ரேஸ் பண்ணினால் சரியாகிறது என்றால் எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது, அல்லது ஒரு வால்வு சரியாக மூடவில்லை.

வாட்டர் சர்வீஸ் விட்டு வந்த மறுநாள் மிஸ்ஸிங் தொடங்கியிருந்தால் அதிகம் யோசிக்க வேண்டாம். பிரஷர் பம்ப்பில் இன்ஜினைக் கழுவியிருப்பார்கள். பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கும். பெட்ரோல் போட்ட சில கிலோமீட்டரில் தொடங்கியிருந்தால் பெட்ரோல். பல நாள் ஷெட்டில் நின்ற வண்டி என்றால் எலி. கடைசியில் சொன்னதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் இன்ஜின் ஒயரிங் பழுதில் எலிக்கு நல்ல பங்கு உண்டு. இரவில் சூடாக இருக்கும் பானெட்டுக்கு அடியில் போய்ப் படுத்து, இன்ஜெக்டர் ஒயரைக் கடித்து வைத்திருக்கும்.

சிஎன்ஜி வண்டியாக இருந்தால் இன்னும் வசதி, பரிசோதனைக்கு ஒரு சுவிட்சே போதும். கேஸில் மிஸ் ஆகி பெட்ரோலில் ஓடினால் முதலில் பிளக்கையும் காயிலையும் பாருங்கள். கேஸைப் பற்றவைக்க அதிக வோல்டேஜ் வேண்டும் என்பதால் பிளக்கின் தேய்மானம் அங்கேதான் முதலில் வெளியே தெரியும். பிளக் புதிது என்றால் கேஸ் ஃபில்டர், ரெகுலேட்டர், கேஸ் இன்ஜெக்டர். பெட்ரோலில் மட்டும் மிஸ் ஆனால் பயன்படுத்தாமல் விட்டு இறுகிப்போன பெட்ரோல் இன்ஜெக்டர். இரண்டிலும் மிஸ் ஆனால், பிளக், காயில், கம்ப்ரஷன் என்று இரண்டுக்கும் பொதுவானவற்றில் ஒன்று.

மினுங்கும் விளக்கு

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போகலாம். மினுங்கினால் அப்படிப் போகக் கூடாது. எரியாத பெட்ரோல் நேராக கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று அர்த்தம். அதன் உள்ளே தேன்கூடு போன்ற செராமிக் கட்டி இருக்கிறது. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். அங்கே சூடு 1000 டிகிரி செல்சியசைத் தாண்டினால் அந்தப் பூச்சு கெடும், இன்னும் ஏறினால் கட்டியே உருகி அடைத்துக்கொள்ளும். அதன்பிறகு மிஸ்ஸிங்கைச் சரி செய்தாலும் வண்டிக்கு பிக்கப் வராது. ஒரு காயில் மாற்றும் செலவைத் தள்ளிப்போட்டதற்கு அதைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டிவரும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். விளக்கு மினுங்குவது நிற்கவில்லையென்றால் ஓரமாக நிறுத்தி, வண்டியைக் கட்டி இழுத்துப் போக ஏற்பாடு செய்யுங்கள். நிறுத்தும் இடத்தில் காய்ந்த புல்லும் சருகும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைலன்சர் பாதை முழுதும் கொதித்துக்கொண்டிருக்கும்.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

ஓபிடி-2 விதி இந்தியாவில் 2013 ஏப்ரலில் வந்தது. அதற்குப் பிந்தைய கார் என்றால் டிரைவரின் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் 16 பின் சாக்கெட் ஒன்று இருக்கும். செல்போனோடு புளூடூத்தில் பேசும் சிறு டாங்கிளே இந்த வேலைக்குப் போதும். ஒர்க்‌ஷாப்பின் பெரிய ஸ்கேனர் இருந்தால் நல்லது. இல்லையென்று உட்கார வேண்டாம்.

சிலிண்டர் மிஸ் ஆனதை இசியு கண்டுபிடிக்கும் விதம் அழகானது. வெடிப்பைப் பார்க்க அதற்குக் கண் கிடையாது. கிராங்க் ஷாஃப்ட்டில் இருக்கும் பல் சக்கரத்தை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் சக்கரம் இம்மியளவு வேகம் எடுக்க வேண்டும். எடுக்கவில்லையென்றால் அந்த நேரத்தில் வெடித்திருக்க வேண்டிய சிலிண்டர் எதுவோ அதன் பெயரில் குறிப்பு எழுதிவிடுகிறது. அதனால்தான் குண்டும் குழியுமான சாலையில் சில வண்டிகள் வீணாகவும் குறிப்பு எழுதும்.

அந்தக் குறிப்பைத்தான் கோடு என்கிறோம். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே பி0304 வரை. பி0300 என்றால் இன்னதென்று சொல்ல முடியாமல் பல சிலிண்டர்களிலும் மாறி மாறி. எண்ணை எழுதிவைத்துக்கொண்டபிறகே அழிக்க வேண்டும். அதோடு சேமிக்கப்பட்டிருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு லோடு, எவ்வளவு சூடு என்று அதில் இருக்கும். வந்ததும் வராததுமாக பேட்டரி ஒயரைக் கழற்றி "ரீசெட்" செய்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. தடயத்தை அழிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

கோடு சொல்வது சிலிண்டரை மட்டுமே. பி0303-ஐப் பார்த்துவிட்டு மூன்றாவது காயில் வாங்கி வருவது சூதாட்டம். துணைக்கு வேறு கோடு இருக்கிறதா பாருங்கள். பி0351-லிருந்து பி0354 வரை என்றால் அந்தந்தக் காயிலின் சுற்று. பி0201-லிருந்து பி0204 வரை என்றால் இன்ஜெக்டரின் சுற்று. அப்போது பாகத்துக்கு முன் ஒயரையும் கனெக்டரையும் பார்க்க வேண்டும். பி0300-உடன் பி0171 சேர்ந்து வந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை; பிளக்கைத் தொடாமல் காற்றுக் கசிவுக்கும் பெட்ரோல் பிரஷருக்கும் போங்கள்.

சிலிண்டர் எண்ணைத் தவறாக எண்ணுவதும் நடக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் பெல்ட், புல்லி இருக்கும் பக்கம் முதல் சிலிண்டர். சில பிரெஞ்சு இன்ஜின்களில் ஃப்ளைவீல் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

ஸ்கேனரே இல்லாத இடத்தில் பழைய முறை கைகொடுக்கும். இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டராகக் கழற்றி மாட்டுங்கள். நன்றாக இருக்கும் சிலிண்டரைக் கழற்றினால் இன்ஜின் இன்னும் மோசமாக உதறும். எதைக் கழற்றியும் எந்த மாற்றமும் இல்லையோ, அதுதான் ஏற்கெனவே செத்துக் கிடக்கும் சிலிண்டர். காயில் கனெக்டரைக் கழற்றியும் இதைச் செய்யலாம். ஆனால் அப்போது பெட்ரோல் எரியாமல் கன்வெர்ட்டருக்குப் போகும்; இன்ஜெக்டரைக் கழற்றினால் அந்த ஆபத்தில்லை. அந்தக் காலத்து அம்பாசடரில் செய்ததுபோல் ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரை உருவிப் பிடித்துப் பொறி பார்க்கும் வேலை வேண்டாம். இன்றைய காயில் 30,000 வோல்ட்டுக்கு மேல் தரக்கூடியது. உங்களையும் அடிக்கும், போக இடமில்லாமல் காயிலையே எரித்தும்விடும். வேட்டி, துண்டு, துப்பட்டா எதுவும் ஓடும் பெல்ட்டுக்கு அருகில் வரக் கூடாது. மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட்டாதீர்கள்.

இடம் மாற்றிப் பார்த்தல்

பைசா செலவில்லாமல் பாதிக்கு மேற்பட்ட மிஸ்ஸிங்கைப் பிடித்துவிடும் சோதனை இதுதான். வழக்கில் மூன்றாவது சிலிண்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதன் காயிலை முதல் சிலிண்டருக்கு மாற்றுங்கள், முதலாவதன் காயில் மூன்றாவதற்கு வரட்டும். மூன்றாவதன் பிளக்கை இரண்டாவதற்கு மாற்றுங்கள், இரண்டாவதன் பிளக் மூன்றாவதற்கு. இன்ஜெக்டரைத் தொட வேண்டாம். கோடுகளை அழித்துவிட்டு, எந்தச் சூழ்நிலையில் மிஸ் ஆனதோ அதே சூழ்நிலையில் ஓட்டிப் பாருங்கள். மேம்பாலத்தில் மிஸ் ஆன வண்டியை வீட்டு வாசலில் ஐடிலிங்கில் வைத்துப் பார்ப்பதால் பலன் இல்லை.

இப்போது பி0301 வந்தால் காயில். பி0302 வந்தால் பிளக். பி0303 அப்படியே நின்றால் இரண்டும் நிரபராதி. இன்ஜெக்டர், அதன் ஒயர், அல்லது கம்ப்ரஷன். எந்தக் கோடும் வரவில்லை, வண்டியும் நன்றாக ஓடுகிறது என்றால் கனெக்டர் தளர்ந்திருந்து நீங்கள் கழற்றி மாட்டியதில் சரியாகியிருக்கலாம். அதைக் கொண்டாடாமல் கனெக்டரின் பூட்டு உடைந்திருக்கிறதா, பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊர்களில் இது சாதாரணம்.

ஒரு காயில் போயிருந்தால் ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்பார்கள். போதும். நான்கையும் மாற்றச் சொல்வதை நான் ஏற்பதில்லை. பிளக் மட்டும் எப்போதும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று தேய்ந்திருந்தால் மற்றவையும் அதே தூரம் ஓடியவைதான். இன்னொன்று: தேய்ந்த பிளக்கே பல சமயம் காயிலைக் கொல்கிறது. இடைவெளி கூடக்கூட காயில் அதிக வோல்டேஜ் தள்ள வேண்டியிருக்கிறது. பழைய பிளக்கின்மேல் புதுக் காயிலை உட்காரவைப்பது அதற்கும் நாள் குறிப்பதுதான்.

பிளக்கைக் கழற்றினால்

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் சூட்டோடு பிளக்கைத் திருகினால் திரெட்டும் சேர்ந்து வந்துவிடும். காயிலை எடுத்ததும் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தூசியும் மண்ணும் இருந்தால் ஏர் அடித்த பிறகே பிளக்கைக் கழற்றுங்கள், இல்லையென்றால் அவ்வளவும் சிலிண்டருக்குள் விழும். தண்ணீர் நின்றால் ஊதி உலர்த்திப் பூட்டுங்கள். பல வண்டிகள் அதோடு சரியாகிவிடும். ஆயில் நின்றால் மேலே இருக்கும் டேப்பெட் கவரின் கேஸ்கெட்டும் பிளக் குழி சீலும் கசிகின்றன. ஆயிலில் ஊறிய காயில் ரப்பர் உப்பி இளகிப்போய் பொறியைப் பக்கவாட்டில் விட்டுவிடும். கேஸ்கெட்டை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால் மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

பிளக்குகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு அட்டையில் நம்பர் போட்டு அடுக்குங்கள். முனை லேசான பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நல்ல எரிப்பு. காய்ந்த கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி சரியாக வரவில்லை. ஈரக் கறுப்பும் பிசுபிசுப்பும் என்றால் ஆயில் இறங்குகிறது. வெள்ளையாகப் பொரிந்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு: கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது தவறான சூட்டு எண்ணுள்ள பிளக். மூன்று பிளக் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் பளிச்சென்றிருந்தால் கவலைப்பட வேண்டும். அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. வெளிப்புற வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சில் கோடு போட்டதுபோல் கறுப்புக் கீற்று இருந்தால் பொறி அந்த வழியாக ஓடியிருக்கிறது. பிளக்கையும் காயில் ரப்பரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பீங்கான் உலோகத்தைத் தொடும் இடத்தில் தெரியும் பழுப்பு வளையம் பழுதில்லை. அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் சிரித்துவிட்டு விடுங்கள்.

முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளி பொதுவாக 0.8 மி.மீ. முதல் 1.1 மி.மீ. வரை; உங்கள் வண்டிக்கு உரிய அளவு மேனுவலில் இருக்கும். ஃபீலர் கேஜ் வைத்து அளக்கலாம். இரிடியம் பிளக்கில் நடு முனை ஊசிபோல் மெல்லியது. அதில் கேஜைத் திணித்து நெம்பக் கூடாது, வயர் பிரஷ்ஷாலும் தேய்க்கக் கூடாது. சாதாரண நிக்கல் பிளக் 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை தாங்கும். இரிடியம் சில வண்டிகளில் ஒரு லட்சம் வரை போகும். பாகத்தை மட்டும் தெரிந்த கடையில், பில்லோடு வாங்குங்கள். பிளக்கில் போலி ஏராளம்.

பூட்டும்போது முதல் சில சுற்று கையால் மட்டும். தடை தெரிந்தால் திருப்பி எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். டார்க் ரெஞ்ச் இருந்தால் 14 மி.மீ. திரெட் பிளக்குக்கு 25 நியூட்டன் மீட்டர் அளவில் போதும், 12 மி.மீ. என்றால் 15 முதல் 20. ரெஞ்ச் இல்லையென்றால், வாஷர் உள்ள புது பிளக் கையால் உட்கார்ந்தபின் அரைச் சுற்றுக்குச் சற்று மேல். "நல்லா டைட் பண்ணுப்பா" என்ற அறிவுரையால் திரெட் போன ஹெட்டுகள் நிறைய.

காற்றும் பெட்ரோலும்

கோடு மூன்றாவதை விட்டு நகரவில்லையென்றால் அடுத்தது இன்ஜெக்டர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜெக்டர் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்தால் "டிக் டிக்" என்ற துடிப்பு கேட்கும். நான்கிலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். ஒன்று ஊமையாக இருந்தால் இன்ஜினை நிறுத்தி, கனெக்டரைக் கழற்றி ஓம் அளவு பாருங்கள். இந்த வகை வண்டிகளில் பொதுவாக 12 முதல் 16 ஓம் இருக்கும். ஒன்று மட்டும் மற்ற மூன்றிலிருந்து வெகுவாக விலகியிருந்தால் அந்த இன்ஜெக்டர் போய்விட்டது. ஓம் சரியாக இருந்தால் கரன்ட் வருகிறதா பார்க்க வேண்டும். இக்னிஷன் ஆனில் ஒரு ஒயரில் பேட்டரி வோல்டேஜ் நிலையாக இருக்கும். இன்னொரு ஒயரைத்தான் இசியு விட்டு விட்டு எர்த் செய்கிறது. அந்தத் துடிப்பைப் பார்க்க எல்இடி டெஸ்ட் லைட் பயன்படுத்துங்கள். பெரிய பல்பு இழுக்கும் கரன்ட் இசியுவைக் கெடுக்கும். துடிப்பு வரவில்லையென்றால் ஒயரிங்கைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். எலி கடித்த இடம் அகப்படும். அதை முறுக்கி டேப் சுற்றி முடிக்காமல், சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். இன்ஜின் சூட்டில் டேப் பசை இளகி உரிந்துவிடும்.

இன்ஜெக்டர் துடிக்கிறது, ஆனால் பெட்ரோல் தெளிக்கவில்லை என்றால் அடைப்பு. கழற்றி மெஷினில் போட்டு நான்கின் அளவையும் தெளிப்பையும் ஒப்பிடும் கடைகள் எல்லா நகரங்களிலும் உண்டு. டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் முழு அடைப்பை எடுத்துவிடும் என்று நம்பாதீர்கள்.

ஒரு சிலிண்டரில் நிற்காமல் பி0300 என்று பரவலாக வரும்போது, ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஃப்யூயல் ட்ரிம் பாருங்கள். ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் இரண்டையும் கூட்டினால் 10 சதவீதத்துக்குள் இருப்பது ஆரோக்கியம். ஐடிலிங்கில் 20-ஐத் தாண்டி, 2500 ஆர்பிஎம்மில் வைத்தால் இறங்கிவிடுகிறது என்றால் காற்றுக் கசிவு. பிசிவி ஹோஸ், பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஆகிய இடங்களில் "உஸ்ஸ்" சத்தம் கேளுங்கள். பிரேக் மிதித்தால் உதறல் மாறுகிறதென்றால் பூஸ்டர் பக்கம். கார்ப் கிளீனரை அடித்துக் கசிவு தேடுவது வழக்கத்தில் இருக்கிறது. சூடான சைலன்சர் பாதையருகே அது தீப்பிடிக்கும். புகை விட்டுப் பார்க்கும் கருவி உள்ள ஒர்க்‌ஷாப் கிடைத்தால் அதுவே மேல். ட்ரிம் ஐடிலிங்கில் சுமாராக இருந்து, லோடு ஏற ஏறக் கூடினால் பெட்ரோல் வரத்து போதவில்லை. ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது பம்ப் ஓய்ந்திருக்கும். கேஜ் மாட்டினால் இந்த வகை வண்டிகளில் சுமார் 3 பார் காட்ட வேண்டும்.

பெட்ரோல்மேல் சந்தேகம் இருந்தால் பங்கிலேயே கேட்கலாம். ஃபில்டர் பேப்பர் சோதனை வாடிக்கையாளரின் உரிமை. நாஸிலிலிருந்து ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்துக்குள் கறை இல்லாமல் ஆவியாக வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் வேறு கதை. எத்தனால் கலந்த பெட்ரோல் சிறிது தண்ணீரை உள்வாங்கிக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். மழைவெள்ளத்தில் நின்ற வண்டிக்கு டேங்கைக் காலி செய்வதே வழி.

நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள டர்போ பெட்ரோல் வண்டிகளில் இன்டேக் வால்வின்மேல் பெட்ரோல் படாது. அதனால் வால்வு முதுகில் கரி ஏறிக் காலை மிஸ்ஸிங் வரும். இதற்கு மேனிஃபோல்டைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

கம்ப்ரஷன்

இதுவரை பார்த்ததில் எதுவும் சிக்கவில்லையென்றால் அளக்க வேண்டியது கம்ப்ரஷன். சூடான இன்ஜினில் அளப்பதே முறை; பிளக் கழற்றும் அளவுக்கு மட்டும் ஆறவிட்டு எல்லா பிளக்கையும் எடுத்துவிடுங்கள். காயில், இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு ஸ்டார்ட்டர் அடியுங்கள். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 150 பிஎஸ்ஐக்கு மேல் வரும். ஆனால் எண் முக்கியமில்லை, சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசமே முக்கியம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது மிஸ்ஸிங்கின் இருப்பிடம்.

அந்த சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் ஒருசேரக் குறைந்தால் நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. வால்வு என்று வந்தால் உடனே ஹெட்டை இறக்கத் துணியாதீர்கள். முதலில் டேப்பெட் கேப் அளக்கச் சொல்லுங்கள். சிஎன்ஜியில் நெடுந்தூரம் ஓடிய வண்டிகளில் வால்வு அதன் இருக்கைக்குள் தேய்ந்து இறங்க, கேப் குறைந்து வால்வு முழுதாக மூடாமல் நிற்பது உண்டு. அட்ஜஸ்ட்மென்ட்டிலேயே சரியாகும் கேஸ்கள் இருக்கின்றன.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் துளை வழியாக கம்ப்ரசர் காற்றை விட்டுக் கேட்கலாம். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, திராட்டிலில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

பழுது எதுவாக இருந்தாலும், சரி செய்தபின் கோடுகளை அழித்துவிட்டு, முதலில் புகார் வந்த அதே ரோட்டில், அதே சூட்டில், அதே லோடில் ஓட்டிப் பாருங்கள். விளக்கு எரியாமல் இருந்தாலும் பென்டிங் கோடு இருக்கிறதா என்று ஸ்கேனரில் பார்த்துவிட்டே வண்டியை வெளியே எடுங்கள். கழற்றிய பழைய பிளக்கையும் காயிலையும் கையில் கேட்டு வாங்குங்கள். ஹெட் இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவையும், ஆயில் விடுவதற்கு முன்னும் பின்னும், எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வண்டியை விட வேண்டாம்.